வாசலில் நின்றுவிடும் எச்சரிக்கை

ஐப்பசி பிறந்துவிட்டால் எம்மவர் கண்கள் தாமாகவே கீழ்வானை நோக்குகின்றன. சோளகம் ஓய்ந்து வாடை தலைகாட்டும் காலம் அது. காலபோக விதைப்பை முடித்த கமக்காரன் மழையை வேண்டி நிற்கிறான். கடலோடி காற்றை அஞ்சி நிற்கிறான். இம்மாரிக் காலத்திலேதான் வங்கக் கடலில் தாழமுக்கங்கள் தோன்றுகின்றன. அவற்றுட் சில கடலிலேயே கரைந்து போகின்றன. சில மழையாகப் பெய்து குளங்களை நிரப்பி எம்மை வாழ்விக்கின்றன. சில சூறாவளியாக உருக்கொண்டு குடியிருப்புக்களையே வாரிச் செல்கின்றன. எது வாழ்விக்க வருவது, எது மாய்க்க வருவது என்பதைச் சில நாட்களுக்கு முன்னரே கணித்துச் சொல்லும் அறிவு எம் பாட்டன்மாருக்கு இருக்கவில்லை, எமக்கு இருக்கிறது. இருந்தும் மாரி தோறும் உயிர்களைப் பறிகொடுக்கிறோம். அஃது ஏன்? இவ்வினாவையே இவ்வாரம் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

கடந்தவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆந் திகதி எமது வட பகுதியை ஊடறுத்துச் சென்ற சூறாவளி, அன்றிரவே பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. மனிதர் வாழ்வதற்கு ஏற்ற இடமன்று எனச் சென்னை அரசாங்கம் அவ்வூரைக் கைவிட்டது. பதினான்கு ஆண்டுகளின் பின், 1978 நவம்பர் 23 ஆந் திகதி, மட்டக்களப்பு சூறாவளியின் கோரப் பிடியில் அகப்பட்டது. ஏறக்குறைய 900 உயிர்கள் அழிந்தன. பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். இரண்டரை இலட்சம் வரையான கட்டடங்கள் சேதமுற்றன. மாவட்டத்துத் தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தன. கிழக்கிலங்கையின் முதியோர் நெஞ்சில் அந்த இரவு இன்னும் மறையவில்லை.

அக்காலத்திலே செய்தி ஊருக்கு வந்து சேர வானொலியன்றி வேறு வழி அரிது. மின்சாரம் இல்லாத வீடுகளே மிகப் பல. ஆகவே அன்று இறந்தோரைக் குறித்து, "அறிந்திருந்தால் தப்பியிருப்பர்" என்று சொல்லி நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 2025 நவம்பர் மாத இறுதியில் "டித்வா" சூறாவளி நாட்டைத் தாக்கியபோது நிலைமை என்ன? வானத்திலே செய்மதிகள் கண்விழித்திருந்தன. கணினிகள் மழையின் அளவைக் கணித்துச் சொல்லின. ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருந்தது. அப்படியிருந்தும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களை நாடு இழந்தது. அவர்களிற் பெருந்தொகையினர் மலையகத்தில் மண்சரிவுக்குள் அகப்பட்டு மாண்டவர்கள்.

இவர்கள் அனைவரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நாம் கூறவில்லை. இயற்கையின் சீற்றம் சில வேளைகளில் மனித எத்தனம் யாவற்றையும் மீறியே நிற்கும். ஆனால் ஒரு பகுதியினரையேனும் காப்பாற்றியிருக்கலாம் என்பதில் எமக்கு ஐயமில்லை. காற்றின் வேகத்தை மட்டும் வைத்து நோக்கின் டித்வா பெருஞ் சூறாவளிகளின் வரிசையிற் சேர்வதன்று. கொன்றது காற்றன்று, நீரும் மண்ணுமேயாகும். நீரும் மண்ணும் காற்றைப் போல ஒரு நொடியில் வருவனவல்ல. வெள்ளம் ஏறுவதற்கும் மலை சரிவதற்கும் முன்னர் மழை பல மணி நேரம் கொட்டித் தீர்க்கிறது. அந்த மணி நேரங்களை நாம் எப்படிக் கழித்தோம் என்பதே கேள்வி.

எச்சரிக்கை எங்கே தடைப்படுகிறது?

சூறாவளி எச்சரிக்கை ஒன்று குடிமகனின் வாசலுக்கு வந்து சேரும் வழியை நோக்குவோம். வங்கக் கடலின் சூறாவளிகளைக் கண்காணித்து அயல் நாடுகளுக்கு அறிவிக்கும் பிராந்திய நிலையம் புதுடில்லியில் இருக்கிறது. கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் தன் சொந்தக் கணிப்பையும் சேர்த்து அறிவித்தல் விடுக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதனை மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. மாவட்டச் செயலகத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், ஆங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கும் அது செல்கிறது. அவரிடமிருந்து வீடுகளுக்குச் செல்ல வேண்டும். சங்கிலியின் முதற் கண்ணிகள் இன்று முன்னெப்போதையும் விட உறுதியானவை. கடைசிக் கண்ணிதான் இற்றுப் போயிருக்கிறது. கச்சேரி வரை ஓடி வரும் எச்சரிக்கை எம் வாசற்படியில் வந்து களைத்து நின்றுவிடுகிறது.

இதற்கு முதற் காரணம் மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. டித்வாவின் போது தமிழ் அறிவித்தல்கள் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை வாசகர் அறிவர். ஏனைய விடயங்களிலே தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு வாரம் பிந்தினால் அஃது உரிமைக் குறைபாடு. புயற் காலத்திலே ஆறு மணி நேரம் பிந்தினால் அஃது உயிரிழப்பு. பதுளையிலோ நுவரெலியாவிலோ மலைச்சரிவில் லயன் அறையொன்றில் உறங்கும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, "வெளியேறுக" என்ற சிவப்பு அறிவித்தல் அவள் வாசிக்கும் மொழியில், அவள் உறங்கப் போகும் முன் வந்து சேராவிட்டால், அந்த அறிவித்தல் விடுக்கப்பட்டும் விடுக்கப்படாததேயாகும். சிங்களத்தில் எச்சரிக்கை வெளியாகும் அதே நிமிடத்திலே தமிழிலும் வெளியாக வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று. வெள்ளம் மொழி பார்த்துப் பாய்வதில்லை. அரசாங்கமும் மொழி பார்த்து எச்சரித்தலாகாது.

இரண்டாவது காரணம், தமிழிலேயே வந்தாலும் விளங்காத தமிழ். "வளிமண்டலத் தளம்பல் நிலை காரணமாக 150 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மிகப் பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது" என்று அறிவித்தால், கற்றோரே அதனை ஒரு செய்தியாகக் கேட்டு அப்பாற் செல்கின்றனர். நூறு மில்லிமீற்றர் மழை என்றால் என்ன? ஓர் ஏக்கர் வயலின் மேல் நான்கு இலட்சம் இலீற்றர் நீர் விழுவது என்று பொருள். 2008 நவம்பரில் "நிஷா" சூறாவளியின் போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளிற் பெய்த மழை ஏறக்குறைய 390 மில்லிமீற்றர்; அதாவது ஏக்கருக்குப் பதினைந்து இலட்சம் இலீற்றருக்கு மேல். இவ்வாறு சொன்னால் வாய்க்காலைத் துப்புரவாக்காது விட்ட கமக்காரனுக்கு உடனே விளங்கும். தனக்கு என்ன நேரும், எப்போது நேரும், தான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லாத எச்சரிக்கை அரை எச்சரிக்கையே.

மூன்றாவது காரணம், தன் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் எமது பழக்கம். வவுனியாப் பக்கத்திற் பெய்யும் மழை கனகராயன் ஆற்றின் வழியே இரணைமடுவை அடைந்து, வான்கதவுகள் திறக்கப்படும்போது கண்டாவளையிலே வெள்ளமாகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டத்தவர் 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். மத்திய மலைநாட்டிற் பெய்யும் மழை மகாவலியின் வழியே கொட்டியாரக் குடாவை நோக்கி ஓடி வருகிறது. மூதூரிலும் வெருகலிலும் வானம் வெளுத்திருக்கும் போதும் ஆறு பெருகுவது அதனாலேதான். டித்வா நாட்டை விட்டு அகன்ற பின்னர் மாவிலாறு அணை உடைப்பெடுத்தமை இதற்குக் கண்கண்ட சான்று. மழை விட்டதும் ஆபத்து விட்டது என்று எண்ணுவோர், வரும் நீரின் வழியை அறியாதோர் ஆவர்.

வராத புயலின் பழி

அரசாங்கத்தைக் குறை கூறி எம் கையைக் கழுவிக் கொள்ள நாம் விரும்பவில்லை. எம்மிடத்திலும் பெருங் குறை உண்டு.

2020 டிசம்பர் 2 ஆந் திகதி "புரேவி" சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் பல்லாயிரக்கணக்கில் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். காற்றோ அஞ்சிய அளவுக்கு வீசவில்லை. மறுநாட் காலை தேநீர்க் கடைகளிலே எழுந்த பேச்சு என்ன? "வீணாகப் பயங்காட்டி விட்டார்கள்" என்பதே. காற்றுத் தணிந்தது மெய், மழை தணியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாழ்ந்த பகுதிகளை அடுத்த நாட்களில் வெள்ளம் சூழ்ந்தது. ஆயினும், "சொன்ன புயல் வரவில்லை" என்ற சொல்லே ஊர்களில் நின்று நிலைத்தது.

இந்த ஒரு சொல் எத்தனை உயிர்களைக் குடிக்க வல்லது என்பதை நாம் உணர்ந்தோமில்லை. வானிலைக் கணிப்பு சோதிடமன்று; நீதிமன்றத் தீர்ப்புமன்று. கடலின் வெப்பமும் காற்றின் திசையும் சிறிது மாறினாலும் சூறாவளியின் பாதை ஐம்பது நூறு கிலோமீற்றர் விலகிவிடும். விலகி வருவது எமக்கு நல்லூழ், அறிவித்தவரின் பிழையன்று. வேலிக்குக் கதிகால் நட்ட ஆண்டில் மாடு வயலுக்குள் வரவில்லை என்றால், வேலி வீண் என்று எந்தக் கமக்காரனும் அதனைப் பிடுங்கி எறிவதில்லை. பத்து எச்சரிக்கைகளில் ஏழில் புயல் விலகிச் செல்லட்டும்; அந்த ஏழு முறையும் வீட்டை விட்டு வெளியேறியவனே எட்டாவது முறை உயிரோடிருப்பான். ஏழு முறை ஏளனஞ் செய்தவன் எட்டாவது முறை எழுந்திருக்க மாட்டான்.

எச்சரிக்கையை ஏளனஞ் செய்வதோடு, கண்முன்னே கிடக்கும் ஆபத்தையும் நாம் துச்சமாக எண்ணுகிறோம். 2024 நவம்பர் 26 ஆந் திகதி அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் நீரில் அள்ளுண்டது. அதில் வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரசா மாணவர் சிலர் உயிரிழந்தனர். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது எவரையும் குற்றஞ் சாட்ட எமக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற துடிப்பு எவருக்கும் இயற்கை. ஆனால் அந்தத் துடிப்பே எம்மைக் கொல்கிறது என்பதை இனியேனும் உணர வேண்டும். 2025 இல் கலா ஓயாவின் அருகே வெள்ளத்தில் அகப்பட்ட பேருந்தின் பிரயாணிகள் வீட்டுக் கூரையொன்றில் ஏறி இரவைக் கழித்து, கடற்படையினரின் உதவியால் உயிர் தப்பினர். எல்லாப் பேருந்துகளுக்கும் அருகில் ஒரு கூரை கிடைக்கும் என்று நம்பியிருக்கலாகாது. முழங்காலளவு நீராயினும் விரைந்து பாயும்போது வளர்ந்த மனிதனை வீழ்த்திவிடும். இரண்டடி ஆழம் மோட்டார் வண்டியையே மிதக்கச் செய்யும். நிறமற்ற அறிவித்தற் பலகையைப் பார்த்து நாம் நிற்பதில்லை. செந்நிற வெள்ளத்தைப் பார்த்தாவது நிற்க வேண்டாமா?

ஏன் வெளியேற மறுக்கின்றனர்?

எச்சரிக்கையை அறிந்தும் வெளியேறாதவரை மூடர் என்று பட்டணத்துக் கதிரையிலிருந்து ஏசுவது எளிது. அவர்கள் சொல்லும் காரணங்களை அருகிருந்து கேட்டவர் அவ்வாறு ஏசார்.

கமக்காரனுக்கு வீட்டில் நெல்லும் பட்டியில் மாடும் உண்டு. ஒரு சோடி மாட்டையும் நாலு ஆட்டையும் விட்டுப் போ என்று சொல்வது, அவனுடைய அடுத்த ஆண்டின் வாழ்வை விட்டுப் போ என்று சொல்வதாகும். கடலோடிக்குக் கரையிலே கடன்பட்டு வாங்கிய வள்ளமும் இயந்திரமும் வலையும் உண்டு. வீட்டைப் பூட்டிச் சென்றால் திரும்பி வரும்போது என்ன எஞ்சியிருக்கும் என்ற ஏக்கம் எல்லாருக்கும் உண்டு. நாட்கூலிக்காரனுக்கு முகாமிற் கழியும் ஒவ்வொரு நாளும் பட்டினி நாள். பாடசாலைக் கட்டடத்தில் நூறு குடும்பங்களுக்கு இரண்டு மலகூடங்கள் என்றால், குமர்ப் பிள்ளைகளோடு ஒரு தாய் எப்படி அங்கே செல்வாள்? எழுந்து நடக்க முடியாத முதியவரை யார் தூக்கிச் செல்வது?

இவை யாவற்றுக்கும் மேலாக எம் மக்களுக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. போர்க் காலத்திலே பத்து முறை, பதினைந்து முறை இடம்பெயர்ந்து, மரநிழலிலும் கூடாரத்திலும் வாழ்ந்து, ஈற்றிலே தன் சொந்தக் காணியில் ஒரு கல்வீட்டை எழுப்பியவனிடம் மீண்டும் ஒருமுறை மூட்டையைக் கட்டு என்று சொல்கிறோம். "இடம்பெயர்வு" என்ற சொல்லைக் கேட்டாலே அவன் உடல் நடுங்குகிறது. "செத்தாலும் என் வீட்டிலேயே சாகிறேன்" என்று அவன் சொல்வது அறியாமையாலன்று; களைப்பினால். இதனை அறியாத உத்தியோகத்தர் வாசலில் நின்று அதட்டுவதாற் பயனில்லை. இரண்டு நாட்களில் திரும்பி வரலாம், உன் மாட்டுக்கும் மேட்டுநிலம் ஒழுங்கு செய்திருக்கிறோம், உன் தெருவைக் காவல் செய்ய உன் ஊர் இளைஞரே நிற்கின்றனர் என்று அவன் நம்பும் ஒருவர் சொல்ல வேண்டும். அவன் அப்போதுதான் எழுவான்.

வறிய நாடுகள் கற்பித்த பாடம்

இவையெல்லாம் பணம் படைத்த நாடுகளுக்கே இயலும் என்று சிலர் சொல்லக் கூடும். உலகத்துக்கு இப்பாடத்தைக் கற்பித்தவை வறிய நாடுகளே என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளியில் மாண்டோர் மூன்று இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடைப்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றனர். கடலில் புயல் இருந்தது அறியப்படாமலில்லை; அறிந்தது ஊரைச் சென்றடையவில்லை. அந்தத் துயரிலிருந்து எழுந்த வங்காளதேசம், செம்பிறைச் சங்கத்தோடு இணைந்து ஊருக்கு ஊர் தொண்டர் படையொன்றை அமைத்தது. இன்று பல்லாயிரக்கணக்கான தொண்டர்கள், அவர்களிற் பெருந்தொகையான பெண்களும் அடங்க, தத்தம் ஊரிலேயே கொடியேற்றியும் ஒலிபெருக்கியாற் கூவியும் வீடு வீடாகச் சென்றும் மக்களை எழுப்புகின்றனர். கொடி ஒன்றாயின் கவனம், மூன்றாயின் புறப்படு. எழுத்தறியாத கிழவிக்கும் அது விளங்கும். 2020 இல் அம்பான் சூறாவளி வந்தபோது அந்நாடு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றியது. இறந்தோர் தொகை பழைய கணக்குகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தியாவின் ஒடிசாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1999 இல் வீசிய பெருஞ் சூறாவளியிலே ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 இல் பைலின் என்ற கடுஞ் சூறாவளி அதே கரையைத் தாக்கிய வேளையில் பத்து இலட்சம் மக்கள் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பதினான்கு ஆண்டுகளில் கடலும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. மக்களை எழுப்பும் முறை மாறியது. சூறாவளிக்கென்று கட்டிய தங்குமிடங்களும், அவ்வூர் மக்களே அடங்கிய குழுக்களும், ஆண்டுதோறும் நடத்திய ஒத்திகைகளுமே அந்த மாற்றத்தைச் செய்தன. வங்காளத்து மீனவனாலும் ஒடிசாக் கமக்காரனாலும் முடிந்தது எம்மால் முடியாதா?

செய்ய வேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் வேண்டுவன சில. தமிழ் எச்சரிக்கை சிங்கள எச்சரிக்கையோடு ஒரே வேளையில் வரவேண்டும். அது மாகாணப் பெயரோடு நில்லாமல் பிரதேசத்தையும், இயலுமாயின் கிராமத்தையும் குறிப்பிட வேண்டும். குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுமுன், கீழே வாழும் மக்களுக்கு மணிக் கணக்கில் அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும். தங்குமிடங்களாகும் பாடசாலைகளுக்குப் போதிய மலகூடங்களும் நீரும், பெண்களுக்குத் தனியறையும் மாரி தொடங்கு முன்னரே ஒழுங்காக வேண்டும். கால்நடைகளுக்கு மேட்டுநிலம் குறிக்கப்பட வேண்டும். பயிரழிந்த கமக்காரனுக்கும் தொழிலிழந்த கடலோடிக்கும் நட்டஈடு காலந்தாழ்த்தாது கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறக்க வேண்டும்; அந்த நம்பிக்கை இருந்தாலன்றி அவன் தன் பொருளை விட்டு அகலான். மலையகத்திலே, சரிவுக்குள்ளாகும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளங் கண்ட இடங்களில் நிற்கும் லயன்களிலிருந்து மக்களை ஒவ்வொரு மழைக்கும் ஓடச் செய்வது தீர்வன்று. அவர்களுக்கு உறுதியான காணியும் வீடும் வேறிடத்தில் வழங்குவதே தீர்வு.

ஆனால் கோரிக்கைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வேளையில் கார்த்திகை வந்துவிடும். ஆகவே எம் கையிலுள்ளதை நாமே தொடங்குவோம்.

எமது ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் உண்டு. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் உண்டு. எச்சரிக்கையின் கடைசிக் கண்ணியைப் பொருத்துவதற்கு இவற்றை விடச் சிறந்த கருவி வேறில்லை. ஒவ்வொரு சனசமூக நிலையமும் புரட்டாதி முடிவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதட்டும்: தாழ்ந்த காணியில் உள்ள வீடுகள் எவை, தனித்து வாழும் முதியோர் எவர், நிறைமாதக் கர்ப்பிணிகள் எவர், நடக்க இயலாதோர் எவர், உழவு இயந்திரமும் வள்ளமும் உள்ளோர் எவர். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், எச்சரிக்கை வந்தவுடன் நேரில் சென்று கதவைத் தட்டும் பொறுப்பு இன்னாருக்கு என்று ஒரு பெயர் எதிரே எழுதப்படட்டும். எந்த மணி எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்பதை ஊர் கூடி முடிவு செய்து, ஒருமுறை ஒத்திகையும் பார்க்கட்டும். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

கற்று உத்தியோகம் பார்க்கும் எம் அன்பர்களுக்கு ஒரு சொல். ஆசிரியரே, வைத்தியரே, எழுதுவினைஞரே, சட்டத்தரணியே! எச்சரிக்கை முதலில் வந்து சேர்வது உங்கள் தொலைபேசிக்கே. அதனை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர். பழைய ஆண்டின் படத்தையும் இட்டுக்கட்டிய கதையையும் பரப்பி ஊரைக் கலக்குவோர் நடுவிலே, திணைக்களத்தின் அறிவித்தலை மட்டும் எடுத்து, உங்கள் ஊருக்கு அதன் பொருள் என்ன என்பதை எளிய தமிழில் விளக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அயலவர் ஒவ்வொருவரும் அறியச் செய்யுங்கள். பாடசாலையிலே பிள்ளைக்குக் கற்பித்தால், வீட்டிலே தந்தையைப் பிள்ளை எழுப்பும்.

கமக்காரப் பெருமக்களுக்கும் ஒரு சொல். குளத்தின் வானையும் வாய்க்காலையும் அடைத்து நிற்கும் பற்றைகளை மாரிக்கு முன் வெட்டுவது, ஊர் கூடிச் செய்த பழைய வழக்கம். அதனைக் கமக்காரர் அமைப்புக்கள் மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். வீட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கும் கிளைகளைத் தறித்து விடுங்கள். கூரைத் தகட்டை இறுக்கிக் கட்டுங்கள். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். விதை நெல்லை உயரத்தில் ஏற்றுங்கள். வெள்ளம் வருமென்று அறிந்தால் மாட்டைக் கட்டையிலே கட்டிவைத்துச் செல்லாதீர்; அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள். சூறாவளியின் நடுவே காற்றுச் சட்டென ஓய்ந்தால் முடிந்தது என்று வெளியே இறங்காதீர். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் அறையும். வெள்ளம் வடிந்த பின்னரும் கிணற்று நீரைக் குளோரின் இட்டுச் சுத்திகரியாது அருந்தாதீர்.

இவை புதியன அல்ல. எல்லாரும் அறிந்தவையே. அறிந்ததைச் செய்யாமையே எம் நோய். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஆந் திகதி எம் கரையோரத்துக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. "ஒரு மணி நேரம் முன்னர் ஒரு குரல் கேட்டிருந்தால்!" என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அன்று கதறினர். அந்தக் குரலுக்காக எதையும் கொடுத்திருப்பர். இன்று அந்தக் குரல், ஒரு மணியன்று, இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே எம்மைக் கூப்பிடுகிறது. நாம் அதனைக் கேட்டும் கேளாதவராய்ப் போர்வையை இழுத்து மூடுகிறோம்.

அடுத்த மாரியும் வரும். வங்கக் கடலிலே மீண்டும் ஒரு தாழமுக்கம் தோன்றும். அது எவ்வூரை நோக்கும் என்பதை எவரும் அறியார். அது வருவதற்கு முன் வரும் செய்தியை உம்முடைய வாசலோடு நிறுத்திவிடாது, அடுத்த வீட்டுக் கிழவியின் வாசல் வரை எடுத்துச் செல்பவர் யார்? ஒவ்வோர் ஊரும் அவர் பெயரை இப்போதே எழுதி வைக்கட்டும்.